மலைக்கு ஒரு நாட்காட்டி, கணக்குக்கு ஒரு நாட்காட்டி

சேலத்துக்கு மேலே ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் கன்று நட எது நல்ல காலம் என்று மாரமங்கலம், வெள்ளக்கடைப் பக்கம் எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: மழை பிடித்து, மண் அடிவரை நனைந்த பிறகு. அது ஆனியிலும் வரலாம், ஆடியிலும் வரலாம், சில வருடம் ஆவணி பிறந்துவிடும். அதே கேள்வியை அந்தக் கன்றுக்குப் பணம் தருகிற கம்பெனியில் கேட்டால் பதில் தேதியோடு வரும்: மார்ச் 31க்குள். மார்ச் கடைசியில் ஏற்காட்டுச் சரிவு எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புல் வெளுத்து, மூங்கில் சருகாகிக் கிடக்கும். ராத்திரியில் மொட்டை மாடியில் நின்றால் மலையில் எங்காவது ஒரு மூலையில் தீ சிவப்பாக ஊர்ந்துகொண்டிருப்பது தெரியும்.

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர்தான் ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் நிதி, நிர்வாகப் பொறுப்பாளர். பறவை பார்ப்பவரை ஊருக்குத் தெரியும், செடிகொடி ஆராய்பவரைத் தெரியும், பாம்பு பிடிப்பவரை நன்றாகவே தெரியும். வவுச்சர் எழுதுகிறவரை யாரும் கேட்பதில்லை. சேலத்தில் ஒரு சின்ன அறக்கட்டளையில் நான் பதினோரு வருடமாக இந்த வேலையைப் பார்க்கிறேன். இதுவும் காட்டு வேலைதான் என்று மனதார நம்புகிறேன். மலையில் ஒரு கன்று பிழைப்பதும் காய்வதும் பல சமயம் குழி வெட்டுவதற்கு முன்பே, எந்த மாதம் எந்தத் தலைப்பில் எவ்வளவு பணம் என்று பட்ஜெட் போடும்போதே முடிவாகிவிடுகிறது. அது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த மார்ச் 31 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். நாம் சாதாரணமாக சி.எஸ்.ஆர். பணம் என்று சொல்வது இதைத்தான். எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்கிற ஏழாவது அட்டவணையில் செடிகொடி, விலங்கு, மண், நீர் பாதுகாப்பும் இருக்கிறது. இதுவரை எல்லாம் நல்லதுதான்.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. கம்பெனி நம் கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டால் மட்டும் அது செலவாகிவிடாது. நாம் அதைச் செலவழித்தால்தான் சட்டப்படி செலவு. கொடுத்த பணம் சொன்ன காரியத்துக்குச் சொன்ன விதத்தில் செலவானது என்று அந்தக் கம்பெனியின் நிதித் தலைவர் சான்றளிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அவர் கையெழுத்துக்கு ஆதாரம் நாம் அனுப்புகிற யூ.சி., அதாவது பயன்பாட்டுச் சான்றிதழ். அதனால்தான் பிப்ரவரி பிறந்ததும் போன் மேல் போன் வருகிறது. அந்தப் பக்கம் பேசுகிறவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவரும் ஒரு தேதிக்குக் கட்டுப்பட்டவர்தான்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் எங்களுக்கு அப்படி ஒரு பணம் வந்தது. மார்ச் 31க்குள் நட்டு, போட்டோவும் பில்லும் அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. நர்சரியைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர், சின்ன வயதிலிருந்து காபித் தோட்டத்தில் வேலை செய்தவர். கையில் இருந்த நாவல் கன்றைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க சார், இப்ப வெச்சா அது நட்டதுன்னு கணக்கா, பொதைச்சதுன்னு கணக்கா?" எனக்குப் பதில் தெரியவில்லை. பணத்தைத் திருப்பி அனுப்பும் தைரியமும் அப்போது இல்லை. நட்டோம். குழிகளில் இறக்கிய மண்ணைக் கையில் அள்ளினால் மாவு மாதிரி உதிர்ந்தது. ஜீப்பில் டிரம் கட்டித் தண்ணீர் ஏற்றினோம். மே மாதம் போய் எண்ணினால் பத்தில் ஏழு கன்று காய்ந்திருந்தது.

நாங்கள் அனுப்பிய யூ.சி.யில் ஒரு பொய் கிடையாது. கன்று வாங்கிய பில், குழிக்கூலி, ஜீப் வாடகை, எல்லாம் சரி. ஆடிட்டர் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. மலையில் மட்டும் மரம் இல்லை. கணக்கு சுத்தமாக இருப்பது வேறு, கணக்கு காட்டுக்கு உதவுவது வேறு என்று அந்த வருடம்தான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு நாங்கள் செய்தது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மலையின் வருடத்தை ஒரு சார்ட்டில் வரைந்து சுவரில் ஒட்டினோம், அவ்வளவுதான். ஜனவரி, பிப்ரவரியில் தீ தாண்டாதபடி புல்லையும் சருகையும் நீக்கித் தீத்தடுப்புக் கோடு, அதாவது தீக்கோடு, வெட்ட வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை விதை பொறுக்கலாம், நர்சரிப் பைகளில் மண் கலந்து நிரப்பலாம். களையாக மண்டும் உண்ணிச்செடிப் புதரை வெட்டி ஒதுக்கலாம். ஏப்ரலில் பூ மழை, அதாவது காபியைப் பூக்க வைக்கும் மழை, ஒன்றிரண்டு விழும். அதைப் பார்த்து நடவு என்று கிளம்பினால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் அடுத்த மழைக்கு எத்தனை வாரமோ தெரியாது. ஜூன் கடைசியில் குழி. ஜூலை முதல் அக்டோபர் வரை நடவு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காபி பறிப்பு. ஆட்கள் எல்லாரும் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள், என்ன கூலி கொடுத்தாலும் தீக்கோட்டுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் அந்த ஆட்களுக்கு நவம்பரிலேயே பேசி வைக்க வேண்டும்.

இந்தச் சார்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்ஜெட் போட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். கடைசிக் காலாண்டில் வரும் பணத்துக்கு நடவு என்று எழுதக் கூடாது. தீக்கோடு, விதை, நர்சரி, புதர் வெட்டு என்று எழுத வேண்டும். அதெல்லாம் அந்த மாதங்களில் உண்மையாகவே செய்கிற வேலைகள். மார்ச் 31க்குள் நேர்மையாகச் செலவாகும்.

மீதிப் பாதிக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஒரு திட்டத்தைத் 'தொடரும் திட்டம்' என்று கம்பெனியின் இயக்குநர் குழு முன்கூட்டியே அறிவித்தால், தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டு வரை அதை நடத்தலாம். அந்த வருடம் செலவாகாத தொகையைக் கம்பெனி நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டு வைத்து, மூன்று நிதியாண்டுக்குள் செலவிடலாம். அப்படி அறிவிக்கவில்லை என்றால் செலவாகாத பணம் சட்டம் குறிப்பிடும் அரசு நிதி ஏதாவதொன்றுக்குப் போய்விடும். ஆகவே நிதிப் பொறுப்பாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எவ்வளவு தருவீர்கள்' என்பது அல்ல, 'தொடரும் திட்டமாகத் தருவீர்களா' என்பதுதான். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே கேட்க வேண்டும். பிப்ரவரியில் கேட்டுப் பயனில்லை.

அமைப்பின் பக்கமும் ஒரு மார்ச் 31 இருக்கிறது. வருமானவரி விலக்கு பெற்ற அறக்கட்டளை தன் வருட வருமானத்தில் 85 சதவீதத்தையாவது அந்த வருடத்திலேயே தன் நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். 20 லட்சம் வந்தால் 17 லட்சம் செலவாக வேண்டும், 3 லட்சத்தைத்தான் கேள்வியில்லாமல் மிச்சம் வைக்கலாம். பணம் மார்ச் 28 அன்று வந்தால் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. அடுத்த வருடம் செலவிடுகிறோம் என்றோ, இன்ன காரியத்துக்காக ஐந்து வருடம் வரை சேர்த்து வைக்கிறோம் என்றோ உரிய படிவத்தில், உரிய நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். நாள் தவறினால் காட்டுக்கு வந்த பணத்துக்கு வரி கட்ட வேண்டி வரும். அறக்கட்டளையின் வரி விலக்குக்கு 12ஏ, நன்கொடை கொடுப்பவரின் வரிக் கழிவுக்கு 80ஜி என்று நம் வாயில் பழகிய எண்கள் எல்லாம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளவை. 2025ல் இயற்றிய புதிய வருமானவரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்துக்கு வருவதால் எண்களைப் புதிதாகப் படித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல நண்பர்களுக்கு இது தெரியவில்லை. காடு, காட்டுயிர், நீர்ப்பிடிப்புப் பகுதி உள்ளிட்ட சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்பது வருமானவரிச் சட்டத்தில் தர்ம காரியம் என்று தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது 2009ல்தான். அதற்கு முன்பு 'மற்ற பொதுநலக் காரியங்கள்' என்ற பொதுக்கூடைக்குள் இருந்தது. கூடை மாறியதில் ஒரு நன்மை: மொத்த வரவில் வியாபார வரவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு அந்தப் பொதுக்கூடைக்குத்தான். ஆனால் நர்சரியிலிருந்து கன்று விற்றால் அதற்குத் தனிக் கணக்குப் புத்தகம் வைத்தே ஆக வேண்டும். நன்கொடை நோட்டிலேயே கன்று விற்ற காசையும் எழுதி வைப்பதுதான் சின்ன அமைப்புகள் அடிக்கடி செய்கிற தப்பு.

அப்புறம் ஜீப். ஏற்காட்டுக்கு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. அது முடிந்த பிறகுதான் எங்கள் வேலையே ஆரம்பம். நாகலூர் தாண்டி உள்ளே போகும் பாதைகளில் கார் போகாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது, மேலே இருந்தவர்களுக்குக் கூலி எப்படிக் கொடுப்பது, கீழே இருக்கும் கன்றுகளை எப்படி ஏற்றுவது என்பதெல்லாம் நிர்வாகத்தின் தலைவலி. நிர்வாகம் என்றால் அலுவலகத்தில் ஏ.சி. போட்டு உட்காருவது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. டீசல், டயர், பிரேக், ஓட்டுநர் ராத்திரி தங்க இடம், பாதையில் காட்டெருமை நின்றால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற நடைமுறை, அத்தனையும் இதில் அடக்கம்.

வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகளுக்கு இந்த ஜீப் செலவு சட்டப் பிரச்சினையாகவும் ஆகிவிடுகிறது. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், எல்லோரும் எஃப்.சி.ஆர்.ஏ. என்று சொல்வது, 2020ல் திருத்தப்பட்டது. அதற்கு முன்பு அந்தப் பணத்தில் பாதி வரை நிர்வாகச் செலவாக இருக்கலாம். இப்போது 20 சதவீதம்தான். ஒரு அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துத் தரவும் கூடாது. பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். இதில் மலைக்காரர்களுக்கு உறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. எதெல்லாம் நிர்வாகச் செலவு என்று விதி தருகிற பட்டியலில் அலுவலக வாடகை, கணக்கு எழுதும் செலவு இவற்றோடு வாகனம் ஓட்டிப் பராமரிக்கும் செலவும் இருக்கிறது. நகரத்தில் இருக்கும் அமைப்புக்கு வாகனம் ஒரு வசதி. ஏற்காட்டில் வாகனம் இல்லை என்றால் கன்றும் இல்லை, கூலியும் இல்லை, தீயணைக்க ஆளும் இல்லை. விதி எழுதியவர்கள் மனதில் ஆடம்பரக் கார் இருந்திருக்கலாம். அடி வாங்குவது ஜீப்.

தேதியைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதே சட்டம் சாட்சி. 2022 ஜனவரி 1 அன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 6,000 அமைப்புகள் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவை இழந்தன. அவற்றில் பெரும்பாலானவை புதுப்பிக்க விண்ணப்பம் போடாதவை. சில அமைப்புகள் வேண்டாம் என்றே விட்டிருக்கலாம். ஆனால் கவனிக்க ஆளில்லாமல் போனவையும் அதில் இருக்கும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் ஒரே ஆள் கணக்கும் எழுதி, ஜீப்பும் அனுப்பி, பள்ளிக்கூட நிகழ்ச்சிக்கு நாற்காலியும் தூக்கும் அமைப்புகளை எனக்கு நேரிலேயே தெரியும்.

இப்போது என் மேஜைக்கு வாருங்கள். ஒரு ஜூலை மாதத்துக் கூலிப் பட்டியலைப் பிரித்து வைக்கிறேன். நீளமான பச்சை லெட்ஜர் தாள். இடது ஓரத்தில் செம்மண் விரல் தடம். பெயர், ஊர், எத்தனை நாள், நாள் கூலி, மொத்தம், கடைசியில் கையெழுத்து அல்லது கைநாட்டு. சில கைநாட்டில் மை மங்கலாக இருக்கும், ஏனென்றால் மழையில் விரல் ஈரம். சின்னதாக இரண்டு துளை இருக்கும். சாயங்காலம் மேஸ்திரி தாளை மடித்து மரத்தில் முள்ளால் குத்தி வைத்திருப்பார். இந்தத் தாளுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகை அறக்கட்டளையின் செலவாக வருமானவரிக் கணக்கில் ஏறாது. வேலை சுலபமாக முடியட்டும் என்று மேஸ்திரி கையில் 60,000 ரூபாயை மொத்தமாகக் கொடுத்துவிட்டால், அது அவர் ஒருவருக்குக் கொடுத்ததாக ஆகிவிடும். முப்பது பேர் மழையில் நனைந்து உழைத்தது உண்மை, பணம் போய்ச் சேர்ந்ததும் உண்மை, ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தச் செலவு நடக்கவே இல்லை. போதாததற்கு அவரை ஒப்பந்தக்காரர் என்று எடுத்துக்கொண்டால் டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போதே வரிப் பிடித்தமும், செய்திருக்க வேண்டும். முப்பது கைநாட்டு இருந்தால் முப்பது பேருக்கும் தனித்தனியாகக் கொடுத்ததற்கு அதுவே ஆதாரம்.

இன்று பலருக்கும் வங்கிக் கணக்கு இருக்கிறது, கணக்கில் போட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை என்று ஆடிட்டர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்தப் பணத்தை எடுக்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஏற்காடு டவுனுக்கு வர வேண்டும் என்றால், நாம் மிச்சப்படுத்திய தொல்லையை அவர் தலையில் கட்டுகிறோம். நாங்கள் இரண்டையும் கலந்து செய்கிறோம். வாரச் சந்தைச் செலவுக்கு ஆகிற அளவு ரொக்கம், மீதி வங்கியில். யாருக்கு எது வேண்டும் என்று பட்டியல் போடும்போதே கேட்டுவிடுவோம்.

இன்னொரு கட்டுப்பாடும் சின்ன அமைப்புகளில் கஷ்டமானது, ஆனால் விடக் கூடாதது. பொருள் வாங்கச் சொல்பவர், வாங்கியதைச் சரிபார்ப்பவர், பணம் கொடுப்பவர் மூன்று பேராக இருக்க வேண்டும். மூன்றே பேர் வேலை செய்யும் இடத்தில் எப்படி? நர்சரி அக்கா பைகளை எண்ணிக் கையெழுத்துப் போடுவார். நான் பில்லைப் பார்ப்பேன். அறங்காவலர் ஒருவர் செக்கில் கையெழுத்திடுவார். அக்காவின் கையெழுத்து இல்லாமல் எந்த பில்லுக்கும் செக் போகாது. ஒரு தடவை சப்ளையர் அனுப்பிய பைகளில் ஒரு கட்டு குறைவு என்று அவர் எழுதிவிட்டார். சப்ளையர் என்னிடம் போனில் கத்தினார். எண்ணிப் பார்த்தால் அக்கா சொன்னதுதான் சரி.

ஓவர்ஹெட், அதாவது நிர்வாகச் செலவு, பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. 'எங்கள் ரூபாய் முழுவதும் மரத்துக்கே போக வேண்டும்' என்று நல்ல மனதோடு சொல்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் நான் ஒரு கணக்கைச் சொல்வேன். ஒரு கன்றுக்கு 100 ரூபாய் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கன்று, குழி, நடவு எல்லாம் அந்த நூறில் முதல் வருடமே தீர்ந்துவிடும். இரண்டாம் வருடம் சுற்றியிருக்கும் உண்ணிச்செடியை வெட்ட வேண்டும், செத்த கன்றுக்குப் பதில் வேறு நட வேண்டும். மூன்றாம் வருடம் தீக்கோடு. நடுவில் யாராவது மேலே போய் எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வேங்கை, தோதகத்தி மாதிரி மரங்கள் நிதானமாக வளர்பவை, மூன்று வருடத்துக்கு முன் அவற்றைத் தனியே விட முடியாது. எண்ணப் போகிறவரின் சம்பளம், அவர் போகிற ஜீப், அவருக்கு விபத்துக் காப்பீடு, இவை எல்லாம் பட்ஜெட்டில் நிர்வாகம் என்ற தலைப்பில் உட்கார்ந்திருக்கின்றன. அதை வெட்டினால் மரத்தைத்தான் வெட்டுகிறோம்.

காப்பீடு என்றதும் ஒன்று. காட்டெருமை திரியும் சரிவில் புதர் வெட்டுகிற தினக்கூலி ஆளுக்கு விபத்துக் காப்பீடு எடுக்க எங்களுக்குப் பணம் தந்தவர்களில் யாரும் தனித் தலைப்பு ஒதுக்கியது கிடையாது. பொதுப்பணத்திலிருந்து எடுத்தோம். அந்தப் பொதுப்பணம், அதாவது இன்னதற்கென்று கட்டாத பணம், எங்கிருந்து வரும்? பெரும்பாலும் சேலத்திலேயே இருக்கும் தனிமனிதர்களிடமிருந்து. அதற்கும் இப்போது ஒரு சின்ன அடி விழுந்திருக்கிறது. புதிய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு 80ஜி கழிவு கிடைக்காது, 2023-24 முதல் அந்த முறைதான் தானாகவே பொருந்துகிறது. '80ஜி ரசீது உண்டா' என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அப்படியும் கொடுக்கிறவர்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சேலம் நகரத்துக்கு இது ஏன் சொந்தக் காரியம் என்றால், திருமணிமுத்தாறு பிறப்பது அந்த மலையில், மஞ்சவாடிப் பக்கம். மூக்கனேரிக்குத் தண்ணீர் வருவதும் அந்த அடிவாரத்திலிருந்துதான். 2010ல் நகரத்து மக்கள் குழு ஒன்று சேர்ந்து மூக்கனேரியைத் தூர்வாரியது. எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே தீவுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று பறவை பார்க்கப் போகிறவர்கள் அந்தத் தீவுகளைத்தான் பார்க்கிறார்கள். கணக்குக்காரன் கண்ணில் அதில் இன்னொன்றும் படும்: அத்தனை மண்ணையும் லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோய்க் கொட்டியிருந்தால் என்ன செலவாகியிருக்கும். நல்ல நிர்வாக முடிவு ஒன்று நல்ல பறவைக் கூடாகவும் ஆகியிருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த ஒரு சின்ன அமைப்புக்குப் பணம் அனுப்ப நினைத்தால் என்னிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், பழைய வரி முறையில் இருந்தாலும் அதற்குக் கழிவு கிடையாது. வங்கி வழியாக அனுப்புங்கள். கூடவே ஒரு வரி எழுதுங்கள்: 'பொதுச் செலவுக்கு'. எங்கள் நோட்டில் அந்த இரண்டு வார்த்தைக்கென்று ஒரு தனிப் பக்கம் இருக்கிறது. போன ஜனவரியில் தீக்கோட்டு ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம் அந்தப் பக்கத்திலிருந்துதான் போனது.